ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ்

நல்ல சேதி சொல்லக் கூப்பிடுகிறவர்கள் கதவைச் சாத்த மாட்டார்கள். டிஜோ சாத்தினார். சாத்திவிட்டு நாற்காலியை எதிரே போடாமல் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அருண்பாண்டி தன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. அமெரிக்காவில் எங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் தொல்லைகளை இங்கே உட்கார்ந்து போனிலேயே தீர்த்துவைப்பார்கள். பாஸ்வேர்டை மறந்துவிட்டு அழாத குறையாகப் பேசுகிற நர்சுகள், பிரிண்டருக்கு பிளக்கே மாட்டாமல் இவனைப் பிடித்து ஏசுகிற டாக்டர்கள், எல்லோரும் ராத்திரியில்தான் வருவார்கள். அவர்களுக்கு அது பகல். இந்த வேலையில் அருண்பாண்டி சேர்ந்து ரெண்டரை வருஷம் ஆகிறது. டிஜோ அவனுடைய மேனேஜர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. தன் கையில் ஒன்றுமே இல்லை என்பதை இவ்வளவு அன்பாகச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது.

“அருணே, உன்னை லீட் ஆக்கப் போறோம். அடுத்த மாசத்துலேர்ந்து,” என்றார். அவர் பேசியது மலையாளம். கேரளத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதுவும் வீட்டுப் பேச்சு மாதிரிதான். “ஏழு பேர் உனக்குக் கீழே. இந்த பேட்ச்ல உன்னைத்தான் முதல்ல எழுதினேன்.”

அருண்பாண்டிக்கு முகம் சிவந்தது. சந்தோஷம் வருகிறபோது அதைத் தடுக்க யாரால் முடியும்?

“சம்பளம் சார்?”

“கூடும் கூடும்.” டிஜோ கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டார். “அடிப்படைச் சம்பளம் எட்டு பர்சென்ட் ஏறும். நைட் அலவன்ஸ் மட்டும் லீடுக்குக் கிடையாது. ஓவர்டைமும் இல்லை. லீட்ங்கிறது மேனேஜ்மென்ட் பக்கம் இல்லையா?”

“நைட் ஷிஃப்டு?”

“அது இருக்கும்.”

ராத்திரி அதே ராத்திரிதான், அலவன்ஸ்தான் இல்லை. அருண்பாண்டிக்குக் கணக்கு மனதில் ஓடியது. அவன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த அலவன்ஸும் ஓவர்டைமும்தான். ஒரு பக்கம் எட்டு பர்சென்ட்டைக் கொடுத்து மறுபக்கம் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதவி உயர்வு என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

“இன்னொண்ணு. லீட் ஆபீஸ்லதான் இருக்கணும். வீட்டுலேர்ந்து வேலை செய்யறது மத்தவங்களுக்குத்தான்,” என்றார் டிஜோ. “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். ஆனா அடுத்த தடவை உன் பேரை நான் எழுதினாலும் மேலே வெட்டிடுவாங்க. திங்கக்கிழமை சொல்லு. யோசிச்சுச் சொல்லு.”

கீழே டீக்கடைக்கு வந்து பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவன் செய்த முதல் காரியம், ஊருக்கு போன் போட்டதுதான். யோசிப்பதற்கு முன்னால் போட்டான். அதுதான் வினை. கசப்பைத் தான் விழுங்கிக்கொண்டு இனிப்பை மட்டும் அப்பனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தான் என்று அவன் பக்கம் நியாயம் சொல்லலாம். ஆனால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருபத்தைந்து வயசில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

“எப்பா, எனக்கு புரமோஷன் குடுக்காக.”

தேயிலை பேக்டரியில் பகல் முழுக்க மிஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வந்த சுடலைக்கு எதுவும் காதில் ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

“சூப்பர்வைசர் மாதிரியாலே?”

“அதுக்கும் மேலப்பா. லீடு. எனக்குக் கீழ ஏழு பேரு.”

“அப்ப ஸ்டாஃபு?”

எஸ்டேட்டில் அந்தச் சொல்லுக்கு உள்ள மதிப்பு அருண்பாண்டிக்குத் தெரியாததல்ல. கொழுந்து கிள்ளுகிறவர்கள், மருந்தடிக்கிறவர்கள், பேக்டரியில் நிற்கிறவர்கள் எல்லோரும் தொழிலாளி. பேனா பிடித்து இவர்கள் பேரை எழுதுகிற ரைட்டர் மாதிரி ஆள்தான் ஸ்டாஃப். அவனுக்கு மேலே தொரை, அதாவது மேனேஜர். மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பத்தில் ஒருவனும் தொழிலாளி என்ற கோட்டைத் தாண்டியதில்லை. அந்தச் சொல் ஒரு சாயங்காலமாவது தன் மேல் இருக்கட்டுமே என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

“ஆமாப்பா. அந்த மாதிரிதான்.”

இன்னும் முடிவு பண்ணவில்லை என்று அடுத்து சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சுடலை போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “ஏ சாந்தம்மா, ஒம் மகன் ஸ்டாஃப் ஆயிட்டான் பாரு!” என்று கூவுவது கேட்டது. அம்மா எதையோ கீழே போட்டுவிட்டு ஓடிவருவதும் கேட்டது. அப்புறம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

பிரதீபா டீ குடிக்க இறங்கி வந்தபோது பழம்பொரி ஆறிப்போயிருந்தது. முதலமடைப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே மாந்தோப்பு. போன வருஷம் இதே டிஜோ இதே கதவைச் சாத்தி அவளை லீட் ஆக்கினார். சேதியைக் கேட்டதும் சிரித்தாள், ஆனால் வாழ்த்துச் சொல்லவில்லை.

“ஏனுங்க அருணு, நானும் இப்படித்தானுங்க பல்லக் காட்டிட்டு வெளிய வந்தேன். மொதல் மாசச் சம்பளம் வந்தப்பத்தான் தெரிஞ்சுது, முந்தி வாங்குனதவிடக் கம்மி. ஏழு பேரு பண்ற தப்புக்கும் நாமதான் பதில் சொல்லோணும். லீவு போட்டாலும் போனு வருமுங்க.”

“அப்ப வேண்டாங்கறீங்களா?”

“அப்படியுஞ் சொல்ல முடியாதுங்க. லீடுன்னு பேரு இருந்தாத்தான் வெளிய மதிப்பு. ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுட்டு இருந்தா கோயமுத்தூர்ல இதுக்கு ரெண்டு மடங்கு குடுக்கறானுங்க. எங்கூட்டுல தோப்பு இருக்குது, சோத்துக்குக் கவலையில்ல, நான் கடிச்சுட்டு இருக்கேன்.” டம்ளரை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். “ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. சரின்னு சொல்றதுக்கு முன்னால சம்பளத்தப் பேசிப்போடுங்க. அந்த அலவன்ஸ ஆறு மாசத்துக்காச்சும் குடுங்கன்னு கேளுங்க. சரின்னு சொல்லிப்போட்டீங்கன்னா அப்பறம் வாயத் தொறக்க முடியாதுங்க.”

நல்ல புத்திதான். ஆனால் பல்லைக் கடிப்பதற்கு ரெண்டு வருஷம் வேண்டும். அருண்பாண்டிக்கு ரெண்டு மாசம்கூடக் கிடையாது. சுடலைக்கு இந்த மாசக் கடைசியோடு சர்வீஸ் முடிகிறது.

சர்வீஸ் முடிந்தால் வீடு போய்விடும். எஸ்டேட்டில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. லயம் என்று, ஒரே கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் ஒட்டினாற்போல வரிசையாக வீடுகள் இருக்கும். ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. குடும்பத்தில் யாராவது ஒருவர் பேர் தொழிலாளியாகப் பதிவில் இருக்கிற வரைக்கும் அந்த வீடு. இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். சாவி கைக்கு வருகிற வரைக்கும் கம்பெனி கடைசிப் பணத்தையும் கண்ணில் காட்டாது. சாந்தம்மாள் முழங்கால் போய், கொழுந்து கிள்ளுகிற வேலையிலிருந்து முன்னமே நின்றுவிட்டாள். மிச்சம் இருக்கிறது சுடலை பேர் மட்டும். அவர் இறங்கினால் அந்த இடத்தில் ஏற ஒரே மகன் இவன்தான்.

அப்பா கட்டாயப்படுத்தவில்லை. பொங்கலுக்குப் போனபோது ஒரே ஒரு தடவை, அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “என்னலே சொல்லுத? ஒம் பேர எழுதச் சொல்லவா?”

“பாக்கலாம்பா.”

இந்தப் ‘பாக்கலாம்’ இருக்கிறதே, இதைப்போல ஆளைக் கெடுக்கிற வார்த்தை தமிழில் வேறு கிடையாது. இல்லை என்று சொன்னால் கேட்டவர் வேறு வழி தேடிக்கொள்வார். சரி என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார். பாக்கலாம் என்று சொன்னால் சொன்னவனும் தூங்க மாட்டான், கேட்டவனும் தூங்க மாட்டான். பொங்கலிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே பஸ் ஏறிவிட்டான். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி, போடி என்று மாறி மாறிப் போய், போடியிலிருந்து ஜீப் பிடித்து மலையேறி, போடிமெட்டைத் தாண்ட வேண்டும். முழுசாக ஒரு பகல் வேண்டிய பயணம். யோசிக்கிறவனுக்கு நல்ல வசதி.

முதலில் புரமோஷனை எடுத்துக்கொண்டான். சரி என்றால் கையில் வருவது குறையும். இப்போதே கல்பாத்தி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடியறையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிவந்து வைக்க பாலக்காட்டில் ஒரு வீடு கிடைக்காது, மாட்டுக்கொட்டகை வேண்டுமானால் கிடைக்கும். வேண்டாம் என்றால் அலவன்ஸோடு இப்படியே ஓடும், ஆனால் கிழடு தட்டும் வரை பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்போதும் லயத்து வீடு போய்விடும். வேலையை விட்டுவிட்டு எஸ்டேட்டில் பேர் எழுதிக்கொண்டால் வீடு தங்கும். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடிக்க வேண்டும். அதற்காகவா அம்மா முழங்காலைக் கொடுத்து அவனை டிப்ளமோ படிக்க வைத்தாள்?

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பொள்ளாச்சியில் ஏறிய ஒரு குடும்பம் பக்கத்து சீட்டில் முறுக்கு தின்றுகொண்டு வந்தது. அவர்கள் சிரிப்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி ஜன்னல் சீட் கிடைத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. ஏன், ரெண்டையும் செய்தால் என்ன? போன மழைக்கு மண் சரிந்து ரோடு அடைபட்டபோது வீட்டில் மாட்டிக்கொண்டான். அப்போது தண்ணித்தொட்டி மேட்டில் கிடைத்த சிக்னலை வைத்து, தகரக்கொட்டாய்க்குள் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கும் மேலே ராத்திரி வேலையை அங்கிருந்தே பார்த்தானே! புரமோஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தடையில்லை. பகலில் எஸ்டேட் வேலை, ராத்திரியில் அமெரிக்கா. வீடும் தங்கும், அலவன்ஸும் தங்கும்.

தூக்கம் எப்போது என்ற கேள்வி உடுமலை தாண்டி வெகுநேரம் வரைக்கும் வரவில்லை. பழனி வந்தபோது அதுவும் வந்தது. சாயங்காலம் கொஞ்சம், விடியற்காலையில் கொஞ்சம் என்று ஒரு பதிலைச் சொல்லி அதை உட்கார வைத்தான். ஒரு மனுஷன் இப்படி எத்தனை மாசம் உயிரோடு இருப்பான் என்று கேட்க பஸ்ஸில் யாரும் இல்லை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பொங்கலிலிருந்து அவன் மனசுக்கு வந்த முதல் வழி அது. தேனி வருவதற்குள் அதை அவன் நம்பிவிட்டான். ஜீப் வளைவுகளில் ஏறும்போது எங்கோ கேட்ட பாட்டைக்கூட முணுமுணுத்தான்.

லயத்துக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. தங்கள் வீட்டுச் சுவரோரம் மழைக்காலத்துக்கென்று அடுக்கியிருந்த விறகைக் காணோம். கோழிக்கூடு காலியாக இருந்தது. உள்ளே சுடலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். மூலையில் பாத்திரங்களைச் சேலையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது.

“வாலே, வா வா. ஏ சாந்தம்மா, ஸ்டாஃபு வந்தாச்சு!” என்று எழுந்துவந்து மகன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் தொட்டுப் பேசி அருண்பாண்டி பார்த்ததில்லை.

சாந்தம்மாள் ஒரு தட்டில் லட்டு கொண்டுவந்தாள். பூப்பாறைக் கடையில் வாங்கியது. “லயம் முழுக்கக் குடுத்தாச்சுய்யா. ஒனக்குன்னு ரெண்டு எடுத்து வச்சேன்.”

“வெறகெல்லாம் எங்கம்மா?”

“குருவம்மா மதினிக்குக் குடுத்துட்டேன்,” என்றார் சுடலை. அதே லயத்தில் இருக்கிற குருவம்மாள் அவனுக்குப் பெரியம்மா முறை. “கோழியையும்தான். டவுனுக்குள்ள கோழிய வச்சு என்ன செய்ய? அங்க கேஸ் அடுப்பால்ல இருக்கும்.”

அருண்பாண்டி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“எங்கப்பா?”

“ஒன் குவார்ட்டர்ஸ்லலே.”

எஸ்டேட்டில் ஒருவன் ஸ்டாஃப் ஆனால் மறுநாளே அவனுக்கு வீடு மாறும். லயத்திலிருந்து சாமானைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவான். அங்கே தனி வீடு, முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், வீட்டுக்குள்ளேயே குழாய். பதவி என்றால் வீடு என்பது இங்கே சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். சுடலையும் கேட்கவில்லை. மகன் ஸ்டாஃப் என்று சொன்னான், அவர் வீட்டைப் பார்த்துவிட்டார்.

“நேத்துக் காலையிலயே ஆபீசுக்குப் போயிட்டேன்,” என்று உற்சாகமாகச் சொன்னார் அவர். “ரைட்டர்கிட்ட சொல்லிட்டேன், எம் மகன் பேர எழுத வேண்டாம், அவன் ஸ்டாஃப் ஆயிட்டான்னு. இந்த வருஷம் உள்ளூரு ஆளுக்கு ஒரே ஒரு எடந்தான். மத்ததெல்லாம் ஜார்க்கண்ட் ஆளுக. அந்த எடத்த குருவம்மா மதினி மகனுக்குப் போடுங்கன்னேன். பாவம்லே, ஆறுமுகசாமி அண்ணன் போனதுலேர்ந்து அந்த ஒத்த ரூம்புல பேரன் பேத்தியோட ஏழு உசுரு. மதினிக்கும் அடுத்த வருஷம் சர்வீஸ் முடியுது. அந்தப் பய எத்தன வருஷமா டெம்பரரியாவே கெடக்கான். தொரை கையெழுத்துப் போட்டாச்சு. இந்த வீடும் அவகளுக்குத்தான்.”

முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது அவருக்கு. வாழ்நாள் முழுக்க வாங்கியே பழகிய கை, முதல் தடவையாகக் கொடுத்திருக்கிறது.

“ஆமா, எத்தன ரூமுலே? மேல ஓடா, காங்கிரீட்டா?”

அருண்பாண்டி லட்டைத் தட்டில் வைத்தான். சொல்லாமல் இருக்க வழியே இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் இவர்கள் மூட்டையோடு பாலக்காட்டில் வந்து இறங்குவார்கள்.

“எப்பா, குவார்ட்டர்ஸ்லாம் கெடையாதுப்பா.”

“இப்ப இல்லியா? அடுத்த மாசமா?”

“எப்பவுமே கெடையாதுப்பா. எங்க கம்பெனில யாருக்கும் வீடு குடுக்க மாட்டாக. எங்க மேனேஜரே வாடக வீட்டுலதான் இருக்காரு.”

சுடலை அவனையே பார்த்தார். “தொரையே வாடக வீட்டுலயா?”

அதைக் கேட்டு யாராவது சிரித்திருக்கலாம். அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சாந்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். அவள் முழங்கால் சொடக்கென்று சத்தம் போட்டது.

“ஸ்டாஃப்னு சொன்னியேலே,” என்றார் சுடலை. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அருண்பாண்டி பிழைத்திருப்பான்.

“சொன்னேம்பா. சும்மா… ஒங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு சொன்னேன். சம்பளங்கூட அதுல ஏறல. கொறையத்தான் செய்யும். அதான் வேண்டாம்னு சொல்லிட்டு இங்கயே பேரு எழுதிக்கிடலாம்னு வந்தேன். ராத்திரி இங்கேருந்தே கம்ப்யூட்டர் வேலையும் பாத்துக்கிட்டு…”

பாதியில் நிறுத்தினான். பஸ்ஸில் அவ்வளவு அழகாக இருந்த திட்டம் இந்த அறைக்குள் வாயைத் திறந்து சொன்னதும் செத்துப்போனது. அதைச் சொல்லியிருக்கவே கூடாது. வீட்டைத் தானே தூக்கிக் கொடுத்தோம் என்பது மட்டுமல்ல, பிள்ளை அந்த வீட்டுக்காகவே வந்துகொண்டிருந்தபோது கொடுத்தோம் என்பதும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சுடலை பாயில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். “இத நீ பொங்கலுக்கே சொல்லிருக்கலாம்லலே,” என்றார் கடைசியாக. “பாக்கலாம் பாக்கலாம்னே.”

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ரைட்டர்கிட்ட போயி மாத்திச் சொன்னா என்ன?” என்றாள் சாந்தம்மாள். “தெரியாம சொல்லிட்டோம்னு கால்ல விழுவோம். நானும் வாரேன்.”

“யாரு கால்ல? மதினி கால்லயா?” என்றார் சுடலை. “அந்தப் பய நேத்தே டாக்டர்கிட்ட காமிச்சு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டான். திங்கக்கெழம காலையில மஸ்டர்ல நிறுத்திப் பேரக் கூப்பிடுவாக. ஏழு உசுரு வாயில சோத்த வச்சுட்டு, திருப்பிப் புடுங்கவா சொல்லுத? அதுக்கு நான் இந்த மலையிலேருந்து உருண்டுரலாம்.”

சாந்தம்மாள் மூட்டையிலிருந்து ஒரு டம்ளரை உருவி எடுத்து, முந்தானையால் துடைத்தாள். துடைத்துத் துடைத்து மறுபடி மூட்டைக்குள்ளேயே வைத்தாள்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. “எய்யா அருணு வந்துட்டானாமே!” என்ற குரலுக்குப் பின்னாலேயே குருவம்மாள் குனிந்து உள்ளே வந்தாள். காட்டு வேலைக்கு இடுப்பில் கட்டுகிற சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. நேராக அருண்பாண்டியிடம் வந்து அவன் கன்னத்தை ரெண்டு கையாலும் வழித்து நெற்றிப் பொட்டில் வைத்து முறித்தாள். விரல்கள் படபடவென்று முறிந்தன.

“நீ நல்லா இருக்கணும்யா. நீ ஒரு படி ஏறுனே, நாங்க குடும்பத்தோட ஒரு படி ஏறிட்டோம். எம் மருமக ராத்திரி பூராம் அழுதுக்கிட்டே இருக்கா, சந்தோஷத்துல.” சொல்லும்போதே அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். இனித் தன்னுடையதாகப் போகிற அறையைப் பார்க்கிற பார்வை அது, அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. “நீங்க மெதுவாப் போங்க கொழுந்தனாரே, அவசரமே இல்ல. ஆமா, அங்க ஊடு எப்படியாம்? பெரிய ஊடா?”

சாந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிடலாம் என்று அருண்பாண்டி நிமிர்ந்தான். இப்போது சொன்னால் குருவம்மாளே விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பாள், நல்ல மனுஷி. அந்த எண்ணம் தனக்கு வந்ததே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தான்.

அதற்குள் சுடலை எழுந்துவிட்டார்.

“ரெண்டு ரூமு மதினி,” என்றார். குரல் கணீரென்று இருந்தது. “காங்கிரீட்டு. முன்னாடி ஒரு வாசல், பின்னாடி ஒரு வாசல். டவுனுல்லா, எல்லாம் அம்சமா கட்டிருக்காக.”

“அம்மாடி! தண்ணி?”

சுடலை இதற்குமட்டும் பதில் வைத்திருக்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார். “என்னலே, தண்ணி உள்ளயேதான வருது?”

இத்தனை வருஷத்தில் அப்பா அவனிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது அந்தக் கண் கெஞ்சியது.

“ஆமாப்பா,” என்றான் அருண்பாண்டி. “உள்ளயே வருது பெரியம்மா. ரெண்டு கொழா.”

குருவம்மாள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, தட்டில் இருந்த லட்டில் பாதியைப் பிட்டு அவன் வாயில் திணித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகும் சுடலை உட்காரவில்லை. நின்றபடியே, இனி ஒரு வேலையும் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டை முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

அருண்பாண்டி வெளியே வந்து தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறினான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் “என்ன ஸ்டாஃபு!” என்றார்கள். ஒருவர் ஒதுங்கி நின்று வழிகூட விட்டார். அவன் சிரித்தான்.

மேட்டில் சிக்னல் வந்தது. கணக்குப்படி பார்த்தால் இப்போது புரமோஷன் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். வாடகைக்கு ஒரு வீடு பார்த்தாக வேண்டும், அலவன்ஸ் போனால் அதற்கும் வழி கிடையாது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கீழே லயம் முழுக்க அப்பா லட்டு கொடுத்துவிட்டார். வீடு பொய், குழாய் பொய், ரெண்டு ரூம் பொய். ஸ்டாஃப் என்ற அந்தச் சொல் ஒன்றாவது மெய்யாக இருக்கட்டும். அது ஒன்றைத்தான் இனி அவனால் அப்பாவுக்குக் கொடுக்க முடியும்.

டிஜோவுக்கு ‘சரி சார், லீடா இருக்கேன்’ என்று அனுப்பினான். பிரதீபா சொன்னது ஞாபகம் இருந்தது. விரல் அப்படியே போன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.